புதுப்பிப்பு: மகப்பேறு விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை கிடைத்தது

26 வார விடுப்பு முடிகிறது, வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி தர மேலாளர் மறுக்கிறார் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த மகப்பேறு நலச் சட்டத்தின் 5(5) பிரிவைக் காட்டி எழுதிக் கேட்கச் சொன்ன யோசனைதான். 2017 திருத்தத்தில் வந்த பிரிவு. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்து செய்யலாம். நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் எந்தெந்த வேலையை எப்படி முடிப்பேன் என்று மின்னஞ்சலில் வரிவரியாக எழுதினேன். மனிதவளத் துறை வாரம் மூன்று நாள் தந்தது.

எதிர்பாராதது: 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டுமாம். எங்களுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஏற்பாடு இருந்திருக்கிறது, யாரும் சொல்லவே இல்லை! ஓய்வு இடைவேளையையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். அலுவலக நாட்களில் மதியம் போய்ப் பாலூட்டிவிட்டு வருகிறேன்.