புதுப்பிப்பு: இமை வெளுத்திருந்த பால் ஆடு தேறிவிட்டது

மூன்று வாரங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் பால் ஆட்டுக்குத் தாடைக்கடியில் வீக்கம், பாலும் பாதியாகிவிட்டது, கூடவே மேயும் பெண்குதிரைக்கும் தொற்றுமா என்று. பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

மறுநாளே கால்நடை மருத்துவர் வந்தார். ஆட்டின் கீழிமையை விரலால் விலக்கிக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. புழுக்கைப் பரிசோதனையில் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு என்று உறுதியானது. எடை பார்த்து மருந்து கொடுத்தோம். அவர் சொன்ன நாள்வரை பாலைக் கறந்து கொட்டினோம். இப்போது இமையில் சிவப்பு ஏறியிருக்கிறது. நேற்று மற்ற ஆடுகளை முட்டித் தள்ளிக்கொண்டு தீவனத்துக்கு வந்தது. எனக்கு உயிரே திரும்பி வந்தது.

இந்தப் புழு குதிரையின் வயிற்றில் வளராது. ஆடு மேய்ந்த இடத்தில் பிறகு குதிரையை விட்டால், புல்லில் ஒட்டியிருக்கும் இளம்புழுக்கள் அதன் வயிற்றுக்குள் போய் அழிந்துவிடும். (இரண்டையும் தாக்கும் வேறொரு சிறு புழு உண்டு, அதனால் குதிரை லத்தியையும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம்.)

ஆட்டுத் தீவனம் குதிரைக்கு ஆபத்தாகலாம் என்று எச்சரித்த அன்பருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். குட்டிகளுக்குக் கழிச்சல் வராமலிருக்க வாங்கிய தீவன மூட்டையைப் புரட்டிப் பார்த்தேன். மோனென்சின் என்று அச்சிட்டிருந்தது. ஆட்டுக்கு மருந்தாகும் அது, சிறிதளவே தின்றாலும் குதிரையின் இதயத்தைச் சிதைத்துக் கொன்றுவிடும். அன்று மாலையே தீவன அறைக்கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டோம்.