தொழிலாளர் வகுப்பிலிருந்து கடல் கடந்த ஆதரவு வரை: அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

சங்கம் தொழிலாளர்களுக்கு நடத்தும் கல்வி வகுப்புக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் நாலு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஸ்வீடனில் 1902இல் ஆஸ்கார் ஓல்சன் தொடங்கிய படிப்பு வட்டமும் சிறு குழுவாக, ஆசிரியர் இல்லாமல்தான் நடந்தது.

முதல் நாளே உலகமயமாக்கலைப் பற்றி உரையாற்றாதீர்கள். சம்பளச் சீட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். எந்தப் பிடித்தம் எதற்கு, ஓவர்டைம் எந்த விகிதத்தில் என்று அவரவரே கணக்குப் போடட்டும். அடுத்த வகுப்பில் பெரிய தாளில் ஒரு படம்: மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, பெட்டியில் எந்த பிராண்ட் லேபிள் ஒட்டுகிறார்கள், எந்தத் துறைமுகம் போகிறது, வழியில் எங்கெங்கே சங்கம் இருக்கிறது. எல்லாம் நினைவிலிருந்து வரையட்டும். கம்பெனி ஆவணத்தைப் போட்டோ எடுக்கச் சொன்னால், அதையே காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள்.

இரண்டாம் பகிர்வு

தோழர் சொன்ன அந்தப் படத்துக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைட் சாட்சி. 1974இல் அங்கே ரோல்ஸ் ராய்ஸ் ஆலைத் தொழிலாளர்கள், சிலியின் ராணுவ ஆட்சியை எதிர்த்து, அந்நாட்டு விமானப்படையின் ஹாக்கர் ஹன்டர் போர் விமான எஞ்சின்களைத் தொட மறுத்தார்கள். எஞ்சின் யாருடையது என்று கண்டுகொண்டவரே ஆலையின் பரிசோதகர்தான். 1978 வரை அவை அங்கேயே கிடந்தன. ஆனால் அதே வழியை எல்லா இடத்திலும் எடுக்க முடியாது. பிரிட்டனிலேயே 1990க்குப் பிறகு, வேறு நிறுவனத் தொழிலாளர்களுக்காக நடத்தும் ஆதரவு வேலைநிறுத்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. வேலையை நிறுத்தும் முன் வக்கீலைக் கேளுங்கள்.

வெளிநாட்டுச் சங்கத்துக்கு ஆதரவாக ஆலை நிர்வாகத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்புவதிலும் நிறையத் தவறு நடக்கிறது. பாதிக்கப்பட்ட சங்கத்தைக் கேட்காமல் எதுவும் அனுப்பக் கூடாது. பேச்சுவார்த்தை நடக்கும் வாரத்தில் வெளியிலிருந்து போகும் கண்டனம் நிர்வாகம் எழுந்து போக சாக்காகிவிடும். புறக்கணிப்பு அறைகூவலும் அப்படித்தான். ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை போவது அந்தத் தொழிலாளர்களுக்கே, அதனால் அவர்கள் கேட்டால் மட்டுமே.

கடிதத்தில் ஆலையின் முழுப் பெயர், முகவரி, நடந்த தேதி, ஒரே ஒரு கோரிக்கை, பதிலுக்குக் கெடு. ஒரு பக்கம் போதும். நகல் பிராண்டின் தலைமையகத்துக்கும் அங்குள்ள சங்கத்துக்கும் போகட்டும். தொழிலாளியின் பெயரும் முகமும் அவர் சம்மதமில்லாமல் எங்கும் வரக் கூடாது. இதில் சலுகையே கிடையாது.

மூன்றாம் பகிர்வு

சங்க உரிமை பறிக்கப்பட்டால் புகார் கொடுக்க, பலர் தவறவிடும் வழி ஒன்று உண்டு. ஐ.எல்.ஓ. என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழு 1951 முதல் இயங்குகிறது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் பற்றிய அதன் 87, 98ஆம் உடன்படிக்கைகளை நாடு ஏற்காவிட்டாலும் அந்நாட்டு அரசின் மீது புகார் கொடுக்கலாம். தனிநபர் கொடுக்க முடியாது, சங்கம்தான் எழுத்தில், கையெழுத்திட்டு, ஆதாரத்துடன் தர வேண்டும். சிக்குவது ஆதாரத்தில்தான். நோட்டீஸ், நீக்க உத்தரவு, சங்கப் பதிவு விண்ணப்பம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் கோத்து வைக்க வகுப்பிலேயே பழக்குங்கள். குழுவின் பரிந்துரை வர மாதங்கள் ஆகும், நிறைவேற்றவும் போலீஸ் வராது. நாளைக்கே ஆளை வேலைக்குத் திரும்ப எடுக்க வைக்க இது உதவாது.

நான்காம் பகிர்வு

வெளிநாட்டுச் சங்கத்துடன் நடத்தும் இணையவழிக் கூட்டத்துக்கு ஒன்று: ஒவ்வொருவரும் பேசி முடித்த பிறகு மொழிபெயர்ப்பாளர் சொல்லும் முறையில் நேரம் இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரத்துக்கு மூன்று பொருள்களே வையுங்கள். சங்கங்களின் பெயர்ச் சுருக்கங்களை முந்தின நாளே மொழிபெயர்ப்பாளருக்கு விரித்து எழுதி அனுப்பிவிடுங்கள், தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான். நேரத்தை இரு நாட்டு மணியிலும் எழுதுங்கள், ஷிப்ட் முடியும் நேரத்தைக் கேட்டுவிட்டு.