கொலோனில் கேட்ட அரைச் சேவல்

கார்த்தி: ஜெர்மனியில் கொலோன் நகரம் வந்தாச்சு. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கதீட்ரல். 157 மீட்டர் உயரம், படத்தில் பாதிதான் அடங்கியது.

பெரியப்பா: 1248இல் ஆரம்பித்து 1880இல் முடித்தார்களே, அதுவா? நம் வீட்டு மாடி அறை எவ்வளவோ தேவலை.

அம்மா: மேலே ஏறினாயா?

கார்த்தி: தெற்குக் கோபுரத்துக்கு 533 படி. முட்டி இன்னும் நடுங்குகிறது.

அம்மா: சாப்பிட்டாயா?

கார்த்தி: அதைக் கேட்காதே அம்மா. மெனுவில் 'ஹால்வர் ஹான்' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஜெர்மனுக்கு அரைச் சேவல். ஆசையாகக் கேட்டேன். வந்தது ஒரு ரை பன், தடியாக ஒரு துண்டு சீஸ், பச்சை வெங்காயம், கடுகு விழுது.

சுதா அத்தை: கோழி?

கார்த்தி: கோழியே கிடையாது. இந்த ஊரில் அதற்குப் பெயரே அதுதானாம்.

மாமா: சைவக்காரன் நான் வந்திருந்தால் பெயரைப் பார்த்தே அதைத் தொட்டிருக்க மாட்டேன். நல்ல டிபன் போயிருக்கும்.

சித்தப்பா: பியர் எப்படி?

கார்த்தி: 'கோல்ஷ்'. 200 மில்லி பிடிக்கிற ஒல்லி கிளாஸ். இங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் காய்ச்சினால்தான் அந்தப் பெயர் போடலாம். பரிமாறுகிறவரை 'கோபெஸ்' என்கிறார்கள். கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையால் அதை மூட வேண்டும்.

பெரியப்பா: பந்தியில் இலையை மடிக்கிற மாதிரி.

கார்த்தி: அதேதான். தண்ணீர் கேட்டேன், "சோப்பும் துண்டும் வேண்டுமா?" என்றார் அந்த மனுஷன்.

சித்தப்பா: 'ஆல்ட்' பியர் கேட்டுவிடாதே. அது ட்யூசல்டார்ஃப் சரக்கு. இரண்டு ஊருக்கும் ஆகாது.

அம்மா: நீ எத்தனை குடித்தாய்?

கார்த்தி: ஒன்றே ஒன்று. ருசி பார்க்க.

சுதா அத்தை: அந்த அட்டை எப்படி இருக்கும்? காட்டேன்.

கார்த்தி: 📷

சுதா அத்தை: அழகாக இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ஏழு கோடு போட்டிருக்கிறதே, டிசைனா?

சித்தப்பா: இல்லை சுதா. ஒரு கிளாஸுக்கு ஒரு கோடு. கடைசியில் அதை எண்ணித்தான் பில் போடுவார்கள்.

கார்த்தி: சித்தப்பா...

கார்த்தி: அதில் நாலு என் நண்பனுடையது அம்மா.

அம்மா: அப்போ மூன்று?

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: படத்தை நான் எடுத்து வைத்துவிட்டேன்.