ஃபைபர் படகின் வளைவில் வினைல் பட்டை ஒட்டுவது குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி அணை நீர்த்தேக்கத்தில் ஓட்டும் எங்கள் சிறிய ஃபைபர் படகின் இரு பக்கங்களிலும், நீர்மட்டக் கோட்டுக்குச் சற்று மேலே, இரண்டு அங்குல அகலத்தில் நீல வினைல் பட்டை ஒட்ட விரும்புகிறோம். மெழுகை அதற்கான கரைப்பானாலும் எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலும் துடைத்தெடுத்து, சோப்பு நீர் தெளித்துப் பட்டையை இடம்பார்த்து நகர்த்தி, பின்னர் ரப்பர் தகட்டால் நீரை வெளியே தள்ள வேண்டும் என்பது வரை தெரியும்.

தயக்கமெல்லாம் முகப்பு வளைந்து மேலேறும் இடத்தைப் பற்றியதே. அங்கே பட்டையை இழுத்து ஒட்டினால் அப்போதைக்குப் படிந்துவிடும். ஆனால், இழுபட்ட வினைல் வெயிலில் மெல்லச் சுருங்கி ஓரங்கள் எழும்பிவிடும். இழுக்காமல் விட்டாலோ உள்வளைவில் மடிப்பு விழுகிறது. ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி வளைக்கலாமா, அல்லது அரை அங்குலப் பட்டைகள் இரண்டை இடைவெளி விட்டு ஒட்டுவதே மேலானதா? (அழகுக்கு அகலப் பட்டைதான் என்பது என் கட்சி.) விலை கூடினாலும் வளைவுக்கு நன்றாக இணங்கும் காஸ்ட் வினைல், ஓசூர் அல்லது தருமபுரி ஸ்டிக்கர் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்குமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.