புதுப்பிப்பு: அப்பத்தாவின் முதியோர் பென்ஷன்

பாம்பனில் அப்பத்தா இறந்த பிறகும் மாதம் 1,200 ரூபாய் கணக்கில் ஏறுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். சரி, வேலை முடிந்தது. இறப்புச் சான்றிதழ் நகலோடு வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு, தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் மனு கொடுத்தோம். சான்றிதழில் பெயர் ‘ள்’ என்று முடிகிறது, பாஸ்புக்கில் அது இல்லை. கிளார்க் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார்; ஆதார் எண் ஒத்துப்போனதும் வாங்கிக்கொண்டார். இறந்த பிறகு ஏறிய பணத்தைத் தொடவில்லை என்பதையும் மனுவிலேயே எழுதினோம். இந்த மாதம் பணம் ஏறவில்லை.

அப்புறம் குடும்ப அட்டை. இ-சேவை மையத்தில் பெயர் நீக்க விண்ணப்பித்திருக்கிறோம். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், அந்தக் காலத்தில் மீனவக் குடும்பங்களுக்குத் தரும் நிவாரணத்துக்கும் அதே அட்டைதான். அதற்குள் சரியாகிவிட வேண்டும் என்று அப்பாவுக்குக் கவலை.

விதவை பென்ஷன் பற்றிக் கேட்ட ஏர்வாடி அக்காவுக்கு: பென்ஷன் வாங்குபவர் மறுமணம் செய்துகொண்டாலும் அதை இதே பிரிவில்தான் சொல்ல வேண்டும்.