ஹெட்போனில் சரியாக இருந்தது, வெளியே எடுத்தால் சுருதி இறங்கியது: சாம்பிள் ரேட் குழப்பத்தில் மாட்டிய அனுபவங்களைச் சொல்லுங்கள்

டெல்டா_பதிவு

மூன்று வாரமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

கும்பகோணம் பக்கம் ஒரு கோயில் மண்டபம். நாயனம் வாசிக்கும் ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். மைக்கைக் கணினியோடு இணைக்கும் என் இன்டர்ஃபேஸில் மைக் போட இடம் போதாது என்று, மைக் ஒலியைப் பெருக்கும் எட்டு மைக் ப்ரீஆம்ப் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி, ஆப்டிக்கல் கேபிளில் இணைத்து, சாம்பிள் எடுக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் க்ளாக்கை அதிலிருந்தே எடுக்கும்படி வைத்திருந்தேன். ப்ரீஆம்பின் சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து எழுதுவது என்ற எண், 48 ஆயிரம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ப்ராஜெக்ட் 44.1 ஆயிரத்தில் இருந்தது. மீதி இங்கே இருப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். வந்தது நொடிக்கு 48,000 சாம்பிள், ஃபைலின் தலையில் எழுதியிருந்தது 44,100. அதை நம்பி வேறு கருவி வாசித்தால் பாட்டு மெதுவாகி, சுருதி இறங்கும்.

ஹெட்போனில் எதுவும் தெரியவில்லை. அதே இன்டர்ஃபேஸ் அதே 48-ல் திருப்பி வாசிப்பதால் எல்லாம் சரியாகவே கேட்டது. ஐயாவுக்கு ஹெட்போன் பிடிக்காது. அதனால் ஃபைலை எக்ஸ்போர்ட் செய்து லேப்டாப் ஸ்பீக்கரிலேயே போட்டேன். தோடி ஆலாபனை. அரை நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டார், கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"நான் ரெண்டரைக் கட்டையில்ல வாசிச்சேன். இது ரெண்டுக்கும் கீழ கெடக்கே தம்பி."

கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. நான் பதில் சொல்வதற்குள் நாயனத்திலிருந்து சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை, கழற்றிவிட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், கட்டைவிரலால் அதன் வாயை மெல்ல நெருடினார். "சீவாளி தளந்துபோச்சு போல. உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார். நாற்பது வயது இளையவனான என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கொத்திலிருந்து வேறொரு சீவாளியை எடுத்து, வாயில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, மறுபடி நனைத்து, இருபது நிமிடம் அதைப் பதப்படுத்தினார். பிறகு முழு ஆலாபனையையும் இன்னொரு முறை வாசித்தார்.

இரண்டாவதை நான் ஹெட்போனில் மட்டும் கேட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்குங்கய்யா" என்றேன்.

அன்று ராத்திரி வீட்டில் இரண்டு ஃபைலையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தன. அவர் சீவாளியில் ஒரு குறையும் இருந்ததில்லை.

பருத்தித்துறைப்_பேரன்

எனக்கு நடந்தது வேறு வழி, ஆனால் அதே 48-ம் 44.1-ம்தான்.

அம்மம்மாவின் தாலாட்டைச் சின்ன ரெக்கார்டர் ஒன்றில் பதிந்துகொண்டிருந்தபோது பாட்டரி செத்துவிட்டது. ஃபைல் ஒழுங்காக மூடப்படாததால் ஒரு மென்பொருளும் அதைத் திறக்கவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ரா டேட்டாவாக, அதாவது தலைப்பு விவரம் எதுவும் இல்லாத வெறும் எண்களாக, இறக்கினேன். அப்படி இறக்கும்போது ரேட் என்னவென்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். 44,100 என்று கொடுத்தேன். பாட்டு வந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம், உடனே கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்பினேன்.

பெரியம்மா கேட்டுவிட்டு போன் எடுத்தார். "தம்பி, அண்டைக்கு அம்மாவுக்குச் சுகமில்லையோ? சரியாக் களைச்சுப்போய்ப் பாடுறா" என்றார்.

அம்மம்மா அன்று நல்ல சுகமாகத்தான் இருந்தா. பாடி முடித்து எனக்குத் தேத்தண்ணியும் போட்டுத் தந்தவ. அவ இப்போது இல்லை. எனவே பெரியம்மாவின் கேள்வி என்னைப் போட்டு உலுப்பிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன். பாட்டுக்குப் பின்னால் விறாந்தைச் சுவர் மணிக்கூட்டின் டிக் டிக் மெல்லக் கேட்டது. கைபேசியில் ஸ்டாப்வாட்சை வைத்து எண்ணினேன். அறுபது டிக்குக்கு 65 விநாடிக்கு மேல் போனது. அந்த மணிக்கூடு நேரம் தப்பாத மணிக்கூடு. 60-ஐ 65.3 ஆக்குவது 48,000-ஐ 44,100 என்று வாசிப்பதுதான்.

48,000 என்று கொடுத்துத் திரும்ப இறக்கி அனுப்பினேன். பெரியம்மா அழுதுகொண்டே, "இதுதான் அம்மா" என்றார்.

இசைப்பிரியன்_கோவை

இது பெரிய விஷயமே இல்லை. ஆடாசிட்டியில் ட்ராக்ஸ் மெனுவில் ரீசாம்பிள் இருக்கிறது. 48,000 என்று கொடுத்தால் சரியாகிவிடும். எல்லாரும் எப்போதும் 96-லேயே பதிந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

மிக்சர்_மேசை

மேலே கோவை நண்பர் சொன்ன இரண்டுமே தவறு. யாராவது அதைப் படித்துவிட்டு நல்ல பதிவைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ரீசாம்பிள் என்பது கேட்கிற ஒலியை மாற்றாமல் சாம்பிள் எண்ணிக்கையை மட்டும் மாற்றுவது. ஏற்கெனவே இறங்கிப்போன பாட்டை ரீசாம்பிள் செய்தால் இறங்கிய பாட்டுத்தான் 48-ல் கிடைக்கும். இங்கே சாம்பிள்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன, மேலே ஒட்டிய சீட்டுத்தான் தவறு. சீட்டை மட்டும் மாற்ற ட்ராக்கின் பெயரைச் சொடுக்கினால் வரும் மெனுவில் ரேட் என்று ஒன்று இருக்கிறது. அங்கே 48,000 வையுங்கள், ட்ராக் கண்ணெதிரே சுருங்கும், சுருதி ஏறும். ஒரு சாம்பிளும் மாறாது.

96-ல் பதிந்தால் வராது என்பதும் சரியல்ல. 96-ஐ 48 என்று படித்தால் ஒரு ஸ்தாயியே இறங்கும். ஒரே நல்லது, அது யாருக்கும் உடனே தெரிந்துவிடும். 48-க்கும் 44.1-க்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு சாவிகளின் இடைவெளிதான் ஓர் அரைச்சுரம்). கேட்பவர் 'ஏதோ மந்தமாக இருக்கிறதே' என்று நினைத்துப் பாடுபவர்மேல் பழியைப் போட்டுவிடுவார். அதனால்தான் இந்த ஜோடி ஆபத்தானது.

என் கதை சின்னது. ஒரு கல்யாண ரெக்கார்டிங்கில் பாடகிக்கு ட்ராக் ஐந்து கட்டை. கீபோர்டுக்காரர் வீட்டில் சேர்த்தபோது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் நின்றது. எந்தக் கீயிலும் உட்காரவில்லை. சுருதி எந்தக் கட்டையிலும் ஒட்டாமல் நடுவில் தொங்கினால் முதலில் ரேட்டைச் சந்தேகப்படுங்கள், பாடியவரை அல்ல.

இசைப்பிரியன்_கோவை

சரி, ரீசாம்பிள் விஷயத்தில் நான் சொன்னது தவறு, இப்போது செய்து பார்த்தேன். ஆனால் 96 பற்றி என் கருத்து மாறவில்லை.

ஆறாம்_வகுப்பு_டீச்சர்

எனக்குச் சுருதி கிருதி எல்லாம் தெரியாது. அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். கவிதை ஒப்புவித்தல் போட்டிக்கு ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் யாரிடமும் அதிகம் பேசாத ஒரு பெண், இரண்டு வாரமாகப் பாரதியார் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்து, அன்று தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் சவுண்ட் டிவைஸைத் திறக்க முடியவில்லை, ப்ராஜெக்ட் சாம்பிள் ரேட்டை மாற்றிப் பாருங்கள் என்ற மாதிரி ஒரு பெட்டி. மூடினேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே பெட்டி. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் மூச்சை இழுத்து "அச்ச..." என்று ஆரம்பிப்பாள், நான் "இரும்மா" என்பேன். ஏழெட்டு தடவை ஆகியிருக்கும். கடைசியில் ஒரு மாதிரி வேலை செய்தபோது, அவளுக்கு வாயே திறக்கவில்லை. "நான் தப்பா பண்றேனா டீச்சர்?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் கம்ப்யூட்டர் சார் பார்த்தார். மைக் 48,000-ல் இருந்தது, ஸ்பீக்கர் 44,100-ல், மென்பொருள் 44,100-ல். போதாக்குறைக்கு ஆன்லைன் மீட்டிங் ஒன்று பின்னால் திறந்தே இருந்து மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றையும் ஒன்றாக்கினார், மீட்டிங்கை மூடினார், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதற்கப்புறம் அவள் பாடினாள், அனுப்பினோம். ஆனால் முதல் நாள் அவள் முகத்தில் இருந்த ஆசை இரண்டாம் நாள் இல்லை.

பழைய_டேப்

டீச்சர் எழுதியதைப் படித்தபின் இதை விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. என் அனுபவம் ஒரு வரிதான்: ஆன்லைனில் பாட்டு கற்றுக்கொடுக்கிறேன், ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கை ஆன் செய்த நொடியில் தம்பூரா ஒலி கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆனது, ஒரு மாதம் தம்பூரா செயலியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மைக் ஆன் ஆனால் பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகள் தொலைபேசிப் பயன்முறைக்கு மாறி 16,000-க்கோ 8,000-க்கோ இறங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாதி ஒலிதான் மிஞ்சும். ஒயர் ஹெட்போன் போட்டேன், முடிந்தது.

இப்போது டீச்சருக்கு. விண்டோஸில் சவுண்ட் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் ப்ளேபேக், ரெக்கார்டிங் என்று இரண்டு பக்கங்கள் இருக்கும். பலர் ப்ளேபேக்கை மட்டும் மாற்றிவிட்டு ரெக்கார்டிங்கை மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் உங்கள் கருவியின் ப்ராபர்ட்டீஸுக்குப் போய், அட்வான்ஸ்ட் பக்கத்தில் ஒரே எண்ணை வையுங்கள். அதே பக்கத்தில் ஒரு மென்பொருள் கருவியைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் தேர்வு இருக்கும். பள்ளிக் கணினியில் பலரும் பல மென்பொருளைத் திறப்பார்கள், அதனால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மேக் என்றால் யூட்டிலிட்டீஸில் ஆடியோ மிடி செட்டப், அங்கேயும் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி எண்கள். யூஎஸ்பி மைக் ஒன்று, வேறு ஸ்பீக்கர் ஒன்று என்று சேர்த்துப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். மேக்கில் இரண்டையும் சேர்க்கும்போது, அந்தக் கடிகாரங்களின் விலகலைச் சரிசெய்யும் டிரிஃப்ட் கரெக்‌ஷனைப் போடாவிட்டால் எண் ஒன்றாக இருந்தாலும் அவ்வப்போது 'டிக்' என்று வெடிக்கும்.

எந்த எண் என்று கேட்பீர்கள். வீடியோவுக்குப் போகிறது என்றால் 48,000. சிடிக்கு என்றால் 44,100. அந்த விசித்திர எண்ணுக்கும் காரணம் உண்டு. சிடி 1982-ல் கடைக்கு வருவதற்கு முன்பே டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் எழுதி வைத்தார்கள். படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று சாம்பிள். ஒரு புலத்துக்கு (அதாவது பாதிப் படத்துக்கு) 245 கோடு, நொடிக்கு 60 புலம் என்றால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடு, 50 புலம், அதுவும் 44,100. அந்தக் கணக்குத்தான் இன்றுவரை நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. முக்கியமான ஆளை உட்கார வைப்பதற்கு முன் கைபேசி ஸ்டாப்வாட்சைப் பார்த்து பூஜ்யத்தில் ஒரு கைதட்டு, அறுபதாவது விநாடியில் ஒரு கைதட்டு பதியுங்கள். ஃபைலை எடுத்து வேறொரு கருவியில் போட்டு, இரண்டு கைதட்டுக்கும் நடுவே அறுபது விநாடிதான் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு கருவி என்பதுதான் உயிர். பதிந்த கருவியிலேயே கேட்டால் தவறும் சேர்ந்து மறைந்துவிடும்.

அரைக்கட்டை

டெல்டா_பதிவு நண்பரே, ஒரு சந்தேகம். நீங்கள் சொல்கிறபடி என்றால் கூடவே ஒலித்த சுருதிப் பெட்டியும் சேர்ந்துதானே இறங்கியிருக்கும்? எலக்ட்ரானிக் பெட்டி தானாக இறங்காது. அது அப்போதே உறைத்திருந்தால் ஐயாவைச் சீவாளி மாற்ற விட்டிருக்க மாட்டீர்களே. அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

டெல்டா_பதிவு

அரைக்கட்டை கேட்டதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. அந்தச் சின்ன லேப்டாப் ஸ்பீக்கரில் சுருதி ஏறக்குறைய கேட்கவே இல்லை, நாயனம் மட்டும்தான் கேட்டது. ஆனால் ஃபைலில் இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்த ஃபைலை வேறு ஸ்பீக்கரில் போட்டிருந்தால் பத்து விநாடியில் பிடித்திருக்கலாம்.

மிக்சர்_மேசை சொன்னபடி ரேட்டை மட்டும் 48,000 ஆக்கினேன். இரண்டு பதிவும் சரியாக இரண்டரைக் கட்டைக்கு வந்து நின்றன. அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. முதலாவதில் பழகிய சீவாளி, கமகம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டாவதில் சீவாளி புதுசு, காந்தாரத்தில் ஒரு வறட்சி, மூச்சும் களைத்திருக்கிறது.

இன்று மதியம் நேரில் போய்ச் சொன்னேன். கடிகாரம், கேபிள் என்று நான் விளக்க ஆரம்பித்ததை அவர் கேட்கவில்லை. "அப்ப மொதல்ல வாசிச்சது அழியலையே?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். இந்த முறை பெரிய ஸ்பீக்கர் கொண்டுபோயிருந்தேன், போட்டேன். முழுதாக இருபத்திரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் உள்ளே போய், கழற்றி வைத்திருந்த அந்தப் பழைய சீவாளியை எடுத்து வந்து மறுபடி நாயனத்தில் பொருத்தினார்.