வாழ்த்து மடல்ல எதுகை இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டாருங்க, எதுகைன்னா என்ன?

பிரஸ்காரன் (கொழிஞ்சாம்பாறை):
வணக்கமுங்க. வேலந்தாவளம் போற ரோட்டுல சின்னதா பிரிண்டிங் பிரஸ் வெச்சிருக்கேன். முகூர்த்த மாசத்துல பத்திரிகையும் வாழ்த்து மடலும்தான் பொழைப்பு. அஞ்சாவது வரைக்கும் தமிழ், அப்புறம் மலையாளம் மீடியம். மடலுக்குக் கவிதை கேட்டா நானே எழுதிக் குடுத்துருவேன். இருபது வருசமா யாரும் குறை சொன்னதில்லை. போன வாரம் ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், பேத்தி கல்யாணத்துக்கு எழுதுனதைப் படிச்சுட்டு, "எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, வெறும் இயைபு"ன்னு டேபிள்ல வெச்சுட்டுப் போயிட்டாரு. எழுதுனது இது:

வீட்டுக்கு வந்த தங்கம்
பாலாய் மனசு பொங்கும்
ரெண்டு குலத்தின் சங்கம்
என்றும் சிரிப்பே தங்கும்

தங்கம், பொங்கும், சங்கம், தங்கும். இதுக்கு மேல என்னங்க எதுகை வேணும்? ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணைக் கேட்டா "அப்பா, ப்ராசம்னு சொல்லுங்க"ங்கிறா. மலையாளப் பாடத்துல வர்ற உத்ப்ரேக்ஷைங்கிற அணிக்கு "அதுதானல்லயோ இது"ன்னு பாட்டா ஒப்பிக்கிறா. அதுக்குத் தமிழ்ல என்ன பேருன்னு கேட்டா எனக்கும் தெரியலை, அவளுக்கும் தெரியலை. மடல் வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்.

களியக்காவிளை:
அண்ணாச்சி, வாத்தியார் சொன்னது சரிதான். ஊரே கடைசிச் சொல் ஒத்து வந்தா அதை எதுகைன்னுதான் சொல்லுது, உங்க மேல தப்பில்லை. வரி முடிவுல ஒலி ஒத்து வந்தா அது இயைபு. எதுகைக்குக் கணக்கே வேற, வரியோட முதல் சொல்லுல ரெண்டாவது எழுத்து ஒண்ணா வரணும். "அகர முதல"ன்னு தொடங்குற குறளைப் பாருங்க. மேல் அடியில அகர, கீழ் அடியில பகவன். ரெண்டிலேயும் 'க'. மோனைன்னா முதல் எழுத்து. "கற்க கசடறக் கற்பவை கற்றபின்"னு நாலு சீரும் 'க'வில தொடங்குதுல்லா, அது முற்று மோனை. அடுத்த அடி "நிற்க"ன்னு தொடங்குது. கற்க, நிற்க, அங்க எதுகையும் வந்தாச்சு.

உங்க கையில சரக்கு இருக்கு, இடம்தான் மாறிக் கிடக்கு. கடைசியில நிக்கிற தங்கத்தையும் சங்கத்தையும் தூக்கி வரி முதல்ல வையுங்க, எதுகை ஆயிரும்.

மக சொல்லுததும் தப்பில்லை. மலையாளத்துல இதுக்கு த்விதீயாக்ஷர ப்ராசம்னு பேரு. கவிதைக்கு அது கட்டாயமா வேண்டாமான்னு மலையாளக் கவிஞர் கேரள வர்மா வலிய கோயித்தம்புரானுக்கும் அவர் மருமான் ஏ.ஆர். ராஜராஜ வர்மாவுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கு. கல்யாண மடலுக்குச் சண்டை போட நீங்க முதல் ஆளு இல்லை, பாத்துக்கிடுங்க. அதுக்கும் ரொம்ப முந்தி, 14ஆம் நூற்றாண்டு லீலாதிலகம்ங்கிற மலையாள இலக்கண நூல்ல 'பாட்டு'ங்கிற கவிதை வகைன்னா என்னன்னு சொல்லும்போது எதுக, மோனன்னே வருது. நூல் சமஸ்கிருதம், ஆனா இந்த ரெண்டு சொல்லையும் அப்படியே விட்டுட்டாங்க. பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க.

உத்ப்ரேக்ஷைக்கு நம்ம பக்கம் தற்குறிப்பேற்றம்னு சொல்வாங்க, ஆனா முழுக்க ஒண்ணில்லை. அங்க "இது அதுதானோ"ங்கிற சந்தேகம் முக்கியம். இங்க தானா நடக்குற ஒண்ணு மேல புலவன் தன் நினைப்பை ஏத்துவான். சிலப்பதிகாரத்துல மதுரைக் கோட்டைக் கொடி காத்துல ஆடுது. கோவலனையும் கண்ணகியையும் "வராதீங்க"ன்னு கைகாட்டுறதா இளங்கோ சொல்றார். காத்து அடிச்சா கொடி ஆடத்தான் செய்யும்.

பிரஸ்காரன்:
அட, இடம்தானா! உடனே மாத்திப் பார்த்தேனுங்க. "தங்கம் ஒன்று வந்தது"ன்னு ஒரு வரி, "பாங்காய் வாழ்க"ன்னு ஒரு வரி. ரெண்டிலயும் ரெண்டாம் எழுத்து ங். சரிதானுங்களே?

நகரித்தறி:
இல்லண்ணா. 'த' குறில், 'பா' நெடில். ரெண்டாம் எழுத்து ஒத்தா மட்டும் போதாது, முதல் எழுத்தோட அளவும் ஒத்துப் போகணும். பாடத்துக்கு மாடம் சேரும், படம் சேராது.

நான் நகரி, தறி ஓட்டுறவன், படிச்சதெல்லாம் தெலுங்கு. எங்களுக்கு ஸ்கூல்ல ப்ராஸ, யதின்னு சொல்லித் தந்தாங்க. ப்ராஸன்னா உங்க எதுகைதான். கந்த பத்யம்ங்கிற பா வகையில முதல் வரி லகுவுல, அதாவது ஒற்று தொடராத குறில்ல, ஆரம்பிச்சா நாலு வரியும் லகுவுல ஆரம்பிக்கணும்னு சார் ஸ்கேலோட நிப்பாரு. யதி மோனை மாதிரி, ஆனா எந்த இடத்துல வரணும்னு கட்டாயம் உண்டு. உத்பலமாலைக்குப் பத்தாவது எழுத்து, சம்பகமாலைக்குப் பதினொண்ணு.

எங்க ஊர்ல சின்னப் பசங்ககூட தெலுங்குக் கவிஞர் வேமனா பாட்டைச் சொல்லும். "உப்பு கப்புரம்பு நொக்கபோலிக நுண்டு". உப்பும் கற்பூரமும் பார்க்க ஒரே மாதிரின்னு அர்த்தம். இதுல யதி எங்கன்னு ரொம்ப நாள் எனக்குப் புரியலை. 'உ'வில ஆரம்பிக்குது, 'நொ' எப்படி ஒத்துப் போகும்? சொல்லைப் பிரிச்சா உள்ளே "ஒக்க"ன்னு இருக்கு. உ, ஒ ரெண்டும் சொந்தம். அப்புறம் ஒரு தமிழ் யாப்புப் புத்தகத்துல பார்த்தா உ, ஊ, ஒ, ஓ ஒரே மோனை இனம்னு போட்டிருக்கு. தறிச் சத்தத்துக்கு நடுவுல கத்திச் சிரிச்சுட்டேன். அ, ஆ, ஐ, ஔ ஒரு இனம். இ, ஈ, எ, ஏ ஒரு இனம். ச-த, ஞ-ந, ம-வ ஜோடி. உங்க மடலுக்கு இது போதும்.

பிரஸ்காரன்:
வெள்ளிக்கிழமை ஆயிடுச்சுங்க. ராத்திரி பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து ரெண்டாம் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் கீழே சிவப்புப் பேனாவுல கோடு போட்டா. சொந்தபந்தத்தை எங்க பக்கம் சாதிசனம்னுதான் சொல்லுவோம், அதையும் நுழைச்சுட்டேன்:

தங்கம் ஒன்று தாழ்வாரம் ஏறியது
பொங்கும் பாலில் பொழுது விடிந்தது
சங்கம் ஆச்சு சாதிசனம் எல்லாம்
மங்கலம் சூழ மகிழ்ந்து வாழ்க

களியக்காவிளை:
தங்கம்-தாழ்வாரம், பொங்கும்-பொழுது, சங்கம்-சாதிசனம், மங்கலம்-மகிழ்ந்து. ஒண்ணாம் சீரும் மூணாம் சீரும். இதுக்குப் பேரு பொழிப்பு மோனை. தெரிஞ்சு வச்சீங்களா, தானா விழுந்துதா?

பிரஸ்காரன்:
தானா விழுந்ததுங்க. வாத்தியார் வந்து, மடல் மேல வெரலை வெச்சு மெல்லப் படிச்சாரு. தலையாட்டுனாரு. 300 மடலுக்கும் காசு குடுத்துட்டு வாசப்படியில நின்னு திரும்பிப் பார்த்து, "மங்கலம்னு இருக்கணும், மங்களம்னு அடிச்சிருக்கே"ன்னாரு. கம்போஸ் பண்ணும்போது மலையாளப் பழக்கத்துல விழுந்திருச்சு. ரெண்டாம் எழுத்து தப்பிச்சுது, நாலாம் எழுத்து மாட்டிக்கிச்சு.